முன் ஆக்ஸில் சண்டை: தாமிரபரணிக் கரைக்கு எது ஒத்து வரும்?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். அனுப்பினவருக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி, வேலை சென்னையில. வீட்டுல அப்பா ஓட்டின பழைய மஹிந்திரா ஜீப் ஒண்ணு இருக்கு. அதை வித்துட்டு புதுசு எடுக்கணும். தாரா, ஜிம்னியா, கூர்க்காவா? இதுல அவருக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தையே நின்னு போச்சாம். தம்பி சொல்றான், "முன்னாடி ரிஜிட் ஆக்ஸில் இல்லன்னா அது ஜீப்பே கிடையாதுல." அண்ணன் சொல்றார், "அம்மாவுக்கு முதுகுவலி, சென்னையில இருந்து ஊருக்கு அறுநூறு கிலோமீட்டர், லோன் என் பேர்ல." கடைசியா என்கிட்ட கேக்கறார், "நீங்களே சொல்லுங்கண்ணே, யார் சொல்றது சரி?"

சரி, பேசிருவோம். வீட்டுப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம், இன்ஜினியரிங்கை மட்டும் பாக்கலாம்.

முதல்ல ஒரு வரலாற்றுத் திருத்தம். "2020-ல புதுத் தார் வந்தப்பதான் மஹிந்திரா ரிஜிட் ஆக்ஸிலைக் கைவிட்டுச்சு"ன்னு நிறைய பேர் சண்டை போடறாங்க. அப்படி இல்ல. 2010-ல தார் சி.ஆர்.டி.இ. வந்தப்பவே முன் சக்கரம் ரெண்டும் தனித்தனி ஆயிடுச்சு, டார்ஷன் பார் வெச்சு. பின்னாடிதான் பழைய மாதிரி பட்டை ஸ்பிரிங். 2020 அக்டோபர் 2-ம் தேதி விற்பனைக்கு வந்த தார்ல முன்னாடி டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங். பின்னாடி பட்டையை எடுத்துட்டு அங்கேயும் காயில். ஆனா பின் ஆக்ஸில் ரிஜிட்தான். 2021-ல மறுபிறவி எடுத்து வந்த ஃபோர்ஸ் கூர்க்காவும் இதே வழி: முன்னாடி தனித்தனி, பின்னாடி ரிஜிட். 2023 ஜூன்ல வந்த மாருதி ஜிம்னி மட்டும்தான் முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் ரிஜிட் ஆக்ஸில், காயில் ஸ்பிரிங்கோட.

ஆக, பின்பக்கம் மூணும் ஒரே ஜாதி. சண்டை முன்பக்கத்துக்கு மட்டும்தான். ஏன்னா முன் சக்கரத்துக்குத்தான் திரும்பற வேலையும் இருக்கு.

ரிஜிட் ஆக்ஸில்னா என்ன? காவடியை நினைச்சுக்கோங்க. தோள் மேல ஒரே தண்டு. ஒரு பக்கம் மேல போனா மறுபக்கம் கீழ வரும். இடது சக்கரம் கல்லு மேல ஏறும்போது அந்த அசைவே வலது சக்கரத்தைத் தரையில அமுக்கும். ரெண்டு சக்கரமும் மண்ணை விடாது. இன்னொரு லாபம்: நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல் உருண்டையும் ஆக்ஸிலோட சேர்ந்து மேல ஏறிடும். வண்டி எவ்வளவு குனிஞ்சாலும் அந்த உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறையாது.

தனித்தனி சஸ்பென்ஷன், அதாவது ஐ.எஃப்.எஸ்., அந்தத் தண்டை நடுவுல வெட்டிடுது. டிஃபரன்ஷியலைத் தூக்கிச் சேஸிஸ்ல கட்டிடறாங்க. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேல ஒரு கை, கீழ ஒரு கை. ஸ்பிரிங்குக்குக் கீழ தொங்கற எடை குறையுது. அதனால வேகமா போகும்போது சக்கரம் சாலையின் ஏற்ற இறக்கத்தைச் சட்டுனு பின்தொடரும். இடது சக்கரம் பள்ளத்துல விழுந்த சேதி வலது சக்கரத்துக்குப் போகாது, ஸ்டீயரிங் கையை உதறாது. நஷ்டமும் உண்டு. சக்கரம் கீழ இறங்கற தூரம் குறைவு. வண்டி முன்பக்கம் குனிஞ்சா டிஃபரன்ஷியலும் கூடவே குனியும்.

நம்ம பாஷையில சொன்னா, ரிஜிட் ஆக்ஸில் 'டைட்லி கப்புள்டு' சிஸ்டம். ஒரு மாட்யூல்ல நடக்கிறது அடுத்ததுக்கும் தெரியும். காட்டுப்பாதையில அது வரம், நாலு வழிச்சாலையில அது தொல்லை.

இதுக்கு ஒரு உச்சக்கட்ட உதாரணம் நம்ம வயக்காட்டுலயே நிக்குது. டிராக்டர். பொதுவா நாம பாக்கிற டிராக்டர்ல முன் ஆக்ஸில் ஒரு இரும்பு உத்திரம், நடுவுல ஒரு பின் மேல ஆடும். ஸ்பிரிங்கே கிடையாது. வரப்பு மேல ஒரு சக்கரம், சேத்துல ஒரு சக்கரம்னு அசால்ட்டா போகும். அதே டிராக்டர்ல நாற்பது கிலோமீட்டர் வேகத்துல போனவங்களுக்கு முதுகெலும்பு எத்தனைன்னு எண்ணத் தெரிஞ்சிருக்கும். அதனால "எது பலம்"னு கேக்கறதுல அர்த்தமில்ல. எந்த வேகத்துல உங்க நேரம் கழியுதுங்கறதுதான் கேள்வி.

வெளிநாட்டுலயும் இதே சண்டைதான். 1996-ல நிறுத்தின பிரான்கோவை ஃபோர்டு 2020-ல திரும்பக் காட்டினப்ப, ஜீப் ராங்க்ளர் ரசிகர்கள் முதல்ல கேட்டதே "முன்னாடி ரிஜிட் எங்க?"ன்னுதான். 1966-ல வந்த முதல் பிரான்கோவுல அது இருந்துச்சு. ஆனா 1980-லயே ஃபோர்டு முன் ஆக்ஸிலை ரெண்டா பிரிச்சிடுச்சு, அதை யாரும் ஞாபகம் வெச்சுக்கல. லேண்ட் ரோவர் புது டிஃபெண்டர்ல நாலு சக்கரத்தையும் தனித்தனி ஆக்கிடுச்சு. அதுல மனசு ஆறாதவங்களுக்காகவே வந்த மாதிரி இனியோஸ் கிரெனேடியர் ரெண்டு பக்கமும் ரிஜிட் ஆக்ஸிலோட வந்துச்சு. ரெண்டு கட்சிக்கும் கம்பெனி இருக்கு, வாடிக்கையாளரும் இருக்காங்க.

இப்போ ஆத்தங்கரைக்கு வருவோம். கல்லிடைக்குறிச்சியில வண்டி வெச்சிருக்கிற ஒருத்தருக்கு எந்தெந்தத் தரை கிடைக்கும்?

ஒண்ணு, நாலு வழிச்சாலை. சென்னையில இருந்து வர்ற ஒவ்வொரு தடவையும் ஒன்பது பத்து மணி நேரம் இதுலதான். இங்க ஐ.எஃப்.எஸ். ஜெயிக்கும், வாதமே இல்ல.

ரெண்டு, கால்வாய்க் கரை. கன்னடியன் கால்வாய் ஓரம் நடவு நேரத்துல போய்ப் பாருங்க. டிராக்டர் சக்கரம் ரெண்டு பக்கமும் ஆழமா தடம் போட்டிருக்கும், நடுவுல மண் திட்டு. அந்தத் திட்டுல முதல்ல இடிக்கிறது தாழ்வா தொங்கற டிஃபரன்ஷியல் உருண்டை. தாரோ ஜிம்னியோ, பின் உருண்டை எப்படியும் அங்கதான் தொங்குது. முன் ஆக்ஸிலை மாத்தினாலும் இந்தத் திட்டுல பெரிய வித்தியாசம் வராது.

மூணு, மாஞ்சோலை. மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி ஏறுற அந்த உடைஞ்ச மலைப்பாதை. ஆஃப்-ரோடு ரசிகர்கள் கனவு காணுற ரோடு. ஆனா அந்த ரோட்டுல வருஷக்கணக்கா ஆளுங்களை ஏத்திட்டுப் போனது அரசு பஸ். முன்னாடி பட்டை ஸ்பிரிங், ஒரே தண்டு ஆக்ஸில், ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. 2024-ல எஸ்டேட் வேலை நிக்கிற வரைக்கும் நாலுமுக்கு, ஊத்து ஜனங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறதும் அந்த ரோடுதான், காலேஜுக்குப் போறதும் அந்த ரோடுதான். நமக்கு அட்வெஞ்சர், அவங்களுக்குத் தினசரி. இன்னொண்ணு, அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பாதையை விட்டு ஒரு அடி இறக்கக் கூடாது. அப்போ சக்கரத்தை ரெண்டடி தூக்கிக் காட்டுற ஆர்ட்டிகுலேஷனுக்கு அங்க வேலையே இல்ல. பத்து பதினஞ்சு கிலோமீட்டர் வேகமும், பொறுமையும், நல்ல டயரும் போதும்.

நாலு, திசையன்விளை பக்கம் தேரி. செம்மணல். மணல்ல சஸ்பென்ஷன் ரெண்டாம் பட்சம். டயர் காத்தை 18 பி.எஸ்.ஐ. பக்கம் இறக்கணும், வண்டி எடை குறைவா இருக்கணும், நடுவுல நிறுத்தக் கூடாது. ஜிம்னி சுமார் 1,200 கிலோ, தார் அதைவிட ஐந்நூறு கிலோவுக்கு மேல கூட. இங்க ஜிம்னி ஜெயிச்சா அதுக்குக் காரணம் எடை. தேரியிலயும் காப்புக்காடு உண்டு, விசாரிச்சிட்டு இறங்குங்க.

"சரிண்ணே, ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கினா?" தம்பியின் நியாயமான கேள்வி. முன்னெல்லாம் அந்தரத்துல தொங்கற சக்கரம் சும்மா சுத்தும், வண்டி நின்னுடும். அதனாலதான் நாலு சக்கரமும் தரையில இருக்கிறது உயிர் பிரச்சினையா இருந்துச்சு. இப்போ தார்லயும் ஜிம்னியிலயும் சும்மா சுத்துற சக்கரத்தை பிரேக் புடிச்சு நிறுத்தி மறு சக்கரத்துக்கு விசையைத் தள்ளுற எலக்ட்ரானிக்ஸ் இருக்கு. கூர்க்காவுல முன்னாடி பின்னாடி ரெண்டு டிஃபரன்ஷியலையும் கையால லாக் பண்ணலாம். ரிஜிட் ஆக்ஸில் மட்டுமே செஞ்சு கொடுத்த வேலையில பாதியை இப்போ சாஃப்ட்வேரும் லாக்கரும் செய்யுது. சாஃப்ட்வேர்காரன் சொல்றேன்னு சந்தேகப்பட வேண்டாம். ஒரு மேட்டுல ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

தம்பி பக்கம் ஒரு பலமான வாதம் இருக்கு. ரிப்பேர். அம்பாசமுத்திரத்துல ஒரு ஒர்க்‌ஷாப் அண்ணாச்சிகிட்ட கேட்டேன். அவர் சொன்னது: "பட்டை உடைஞ்சா லாரிப் பட்டறையில வெச்சு ஒரு மணி நேரத்துல மாத்திருவேன் தம்பி. இதுல கையி, புஷ்ஷு, பால் ஜாயிண்ட்டுன்னு ஏகப்பட்டது. ஒண்ணு தேஞ்சாலும் அலைன்மெண்ட் போயிரும்." உண்மை. ஐ.எஃப்.எஸ். வண்டியில ஆக்ஸில் முனையில இருக்கிற ரப்பர் பூட்டைச் சர்வீஸுக்குச் சர்வீஸ் பாக்கணும். அது கிழிஞ்சா கிரீஸ் வெளிய, மண்ணு உள்ள. அப்புறம் திருப்பத்துல 'டக் டக்'னு சத்தம். ஆனா இதையும் கவனிங்க: ஜிம்னியில ரிஜிட் ஆக்ஸில் இருக்கே தவிர பட்டை இல்ல. அதுலயும் காயில், லிங்க், புஷ் எல்லாம் உண்டு. அப்பாவோட ஜீப் அளவுக்கு எளிமையான வண்டி இந்த மூணுலயும் இல்ல.

கடைசியா, நோட்டுல அவர் தயங்கிக் கேட்ட ஒரு விஷயம்: "2023 டிசம்பர் மாதிரி மறுபடி வந்தா எது காப்பாத்தும்?" டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோட நின்னு போச்சு. அந்தக் கேள்விக்குச் சஸ்பென்ஷன்ல பதில் இல்ல. தாருக்குக் கம்பெனி சொல்ற கணக்கு 650 மில்லிமீட்டர் தண்ணி. அது ஆழம் தெரிஞ்ச இடத்துல மெதுவா இறங்கிப் போறதுக்கான கணக்கு. ஓடுற வெள்ளத்துக்கு இல்ல. வெள்ளம் வண்டியைப் பக்கவாட்டுல தள்ளும்போது முன் ஆக்ஸில் எந்த வகைன்னு பாக்காது. ஆத்துல தண்ணி வருதுன்னா வண்டியை மேட்டுல நிறுத்திட்டு அம்மா அப்பாவைக் கூட்டிட்டு முன்னாடியே கிளம்பணும். அந்த நேரத்துல ஜீப்பை நம்பி இறங்கிடாதீங்க, ப்ளீஸ்.

அப்போ தீர்ப்பு? வருஷத்துல எத்தனை மணி நேரம் நூறு கிலோமீட்டர் வேகத்துல, எத்தனை மணி நேரம் பத்து கிலோமீட்டர் வேகத்துலன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. மாசம் ஒரு தடவை ஊருக்கு வர்றவருக்கு முதல் எண்ணிக்கை வருஷம் இருநூறைத் தாண்டும், ரெண்டாவது இருபதைத் தொடறதே கஷ்டம். அந்தக் கணக்குல அண்ணன் சொல்றதுதான் சரி, ஐ.எஃப்.எஸ். போங்க. ஆனா மூணு கதவுத் தார்ல பின் சீட்டுக்கு முன் சீட்டை மடக்கி ஏறணும். அம்மாவால முடியுமான்னு ஷோரூம்ல அவங்களையே ஏறச் சொல்லிப் பாருங்க. முடியலன்னா 2024-ல வந்த அஞ்சு கதவு ராக்ஸ் இருக்கு, அதுலயும் முன்னாடி ஐ.எஃப்.எஸ். தான்.

வண்டி ஊர்லயே நின்னு, தம்பி தினம் தோப்புக்கும் வயலுக்கும் மட்டும் ஓட்டறதா இருந்தா, கணக்கு தலைகீழ். அப்போ தம்பி சொல்றது சரி, ஜிம்னி எடுங்க.

இன்னொரு யோசனையும் உண்டு. அப்பாவோட ஜீப்பை விக்காதீங்க. அந்த ரிஜிட் ஆக்ஸில் ஏற்கெனவே உங்க வீட்டு வாசல்ல நிக்குது. அதைத் தம்பி கையில கொடுத்துப் பட்டையை மாத்தி, ஆர்.சி. புதுப்பிக்க முடியுதான்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல விசாரிச்சுப் பாருங்க. முடிஞ்சா வயலுக்கு அது, ஹைவேக்குப் புதுசு.

முதல்ல தம்பிக்கு ஒரு போன் போடுங்க. என்ன முடிவாச்சுன்னு எனக்கும் ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பாக்கலாம்.