முதல் இருமல்

(நெய்வேலியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



நான் அனல்மின் நிலையத்துல வேலை பார்க்கிற இன்ஜினியர். புது பாய்லரில் நெருப்பு வைக்கும் முன்னால் தண்ணீர் நிரப்பி, ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுத்துப் பார்ப்போம். கசிந்தால் தண்ணீர்தான் போகும், ஆள் போகமாட்டார்.

நுரையீரலுக்குள் உறிஞ்சும் புது மருந்துக்கு? விலங்குகளிடம் சோதித்தாலும், ஒருநாள் மனுஷன்தான் முதலில் மூச்சிழுக்கணும். அதனால்தான் முதல் கட்டத்தில் சிலருக்கு மட்டும், மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, மூச்சை அளந்து அளந்து ஏற்றுகிறார்கள்.

2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆஸ்துமா ஆராய்ச்சி. ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை உறிஞ்சிய முதல் தன்னார்வலருக்கு இருமல் வந்தது. மேற்பார்வைக் குழுவுக்கு உடனே தெரிவிக்கவில்லை, ஆராய்ச்சி தொடர்ந்தது. மூன்றாமவர் 24 வயதுப் பெண், நோய்நொடி இல்லாதவர். நுரையீரல் பழுதாகி ஒரு மாதத்துக்குள் இறந்தார். அந்த மருந்தால் நுரையீரல் கெடலாம் என்று 1950-களின் கட்டுரைகளிலேயே இருந்தது. தேடியவர்கள் அவ்வளவு பின்னால் போகவில்லை.

நம் நாட்டின் 2019 விதிகளில், சோதனையில் கடுமையான பாதிப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும்.

தம்பிகளே, உங்க ஷிப்டிலும் ஒரு சின்னச் சத்தம் கேட்கும். லாக் புக்கில் எழுதுங்க. பழைய லாக் புக்கையும் புரட்டுங்க.