புற்றுநோயும் பரம்பரையலகின் அடையாளங்களும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் பெயரளவிலே பெரியது. தோலிலும் வாயிலும் தோன்றும் புற்றுநோயைப் பரம்பரையலகுகள் எவ்வாறு காட்டிக்கொடுக்கின்றன என்பது விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி. ஆனால் அந்த ஆராய்ச்சி முடிவில் வந்து நிற்கும் இடம் நமது லயத்து வாசல். ஆகையாற் சற்றுப் பொறுமையோடு கேட்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.

நமது சரீரம் எண்ணற்ற கலங்களால் ஆனது. கலத்தின் கருவினுள்ளே டி.என்.ஏ. என்னும் நீண்ட ஏடு சுருண்டு கிடக்கிறது. அந்த ஏட்டில் எழுதப்பட்ட தனித்தனிக் கட்டளைகளே பரம்பரையலகுகள். புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் மனிதனுக்கு ஏறக்குறைய 20,000 உண்டு. எல்லாக் கலங்களிலும் ஏடு ஒன்றேயாயினும், எல்லாக் கட்டளைகளும் எல்லா இடங்களிலும் நடைபெறுவதில்லை. பிரட்டுக்களத்திலே பெயர்ப்பட்டியல் ஒன்றுதான். ஆனால் கொழுந்துக்கு இன்னார், பால்வெட்டுக்கு இன்னார் என்று அன்றன்றைக்குப் பெயர் கூப்பிடுகிறார்கள் அல்லவா? அதுபோலவே, கூப்பிடப்பட்ட பரம்பரையலகு வேலை செய்கிறது; மற்றது சும்மா இருக்கிறது. இதனையே பரம்பரையலகின் வெளிப்பாடு என்பர். இந்த ஒழுங்கு குலைவதே புற்றுநோய். பெருகு என்று சொல்லும் கட்டளை ஓயாமல் ஒலிக்கிறது. நில் என்று தடுக்கும் கட்டளை ஊமையாகிவிடுகிறது.

தடுப்பவர்களுள் முதன்மையான காவற்காரன் பி-53 என்பது. இது 1979இல் அறியப்பட்டது. கலத்தின் ஏட்டிலே பழுது உண்டானால், பழுது தீரும்வரை கலம் பெருகாமல் இது தடுக்கும். தீராத பழுதானால் அக்கலத்தை மடியச் செய்யும். இந்தக் காவற்காரனையே பல புற்றுநோய்கள் கெடுத்துவிடுகின்றன. 1991இல் அமெரிக்க விஞ்ஞானிகள் தோற் புற்றுநோயை ஆராய்ந்தபோது, பி-53இல் விழுந்த பழுது வெயிலின் புறஊதாக் கதிர் உண்டாக்கும் பழுதே என்பதை அதன் வடிவங்கொண்டு கண்டார்கள். குற்றவாளி தன் கைரேகையை விட்டுச் சென்றிருந்தான்! இப்பொழுது அந்நாட்டிலே, சந்தேகமான மச்சத்தின்மேல் ஒட்டுத்தாளை ஒட்டி எடுத்து, அதிலே வந்த கலங்களில் இரண்டு பரம்பரையலகுகள் வெளிப்படுகின்றனவா என்று பார்க்கும் சோதனையும் நடைபெறுகிறது.

நமது கருந்தோலுக்கு அதன் நிறமே குடை. ஆகையால் வெயிலால் வரும் தோற் புற்றுநோய் நம்மவரிடையே குறைவு. உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாய்க் கறுப்பு தோன்றிப் பரவினால் மாத்திரம் அலட்சியம் செய்யலாகாது. ஆனால் குடை இல்லாத இடம் ஒன்று உண்டு, அது வாய். தோலின் மேற்புறத்தை மூடியிருக்கும் தட்டைக் கலங்களின் இனத்தவையே கன்னத்தின் உட்புறத்தையும் அடுக்கடுக்காய் மூடியிருக்கின்றன. அங்கே வெயில் படுவதில்லை. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் மணிக்கணக்காய்க் கிடக்கின்றன.

இது புதிதாய்ச் சொல்லப்படும் செய்தியன்று. வெற்றிலை போடுவதற்கும் கன்னத்துப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி இலங்கையின் டாக்டர் டபிள்யூ. பாலேந்திரா அவர்கள் 1949இலேயே பிரித்தானியப் பல் வைத்திய சஞ்சிகையில் எழுதினார்கள். “புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தானே” என்பார் சிலர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் தீர்ப்புக் கூறிவிட்டது. பாக்கின் சத்து கன்னத்தின் உள்ளே நாரிழைகளைப் பெருக்கி, வாய் திறக்க முடியாதபடி இறுக்கிவிடுகிறது. பாக்கும் சுண்ணாம்பும் சேரும்போது பிறக்கும் பொருள்கள் கலத்தின் ஏட்டைச் சேதப்படுத்துகின்றன. 2013இல் இந்திய விஞ்ஞானிகள் ஈறு, கன்னம் ஆகிய இடங்களில் வந்த புற்றுநோயின் பரம்பரையலகுகளை வாசித்து முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கேயும் பி-53 கெட்டிருந்தது. அதனோடு வேறு பல பரம்பரையலகுகளும் கெட்டிருந்தன.

நமது சபரகமுவையின் நிலை யாது? 2006 நவம்பர் முதல் ஓராண்டு காலம், இம்மாகாணத்திலே 30 வயதுக்கு மேற்பட்ட 1,029 பேரை அவரவர் வீட்டிலேயே கண்டு வாயைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 11.3 வீதம், அதாவது ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவருக்கு, புற்றுநோயாய் மாறக்கூடிய குறி வாயில் இருந்தது. தினமும் வெற்றிலை போடுவதும், மதுபானமும் அதற்குக் காரணமாய்க் காணப்பட்டன. இக்குறி உள்ள எல்லாருக்கும் புற்றுநோய் வருவதில்லை. யாருக்கு வரும் என்பதை முன்னறியவே, 3ஆம், 9ஆம் நிறமூர்த்தங்களில் ஒரு பகுதி இழக்கப்பட்டிருக்கிறதா என்று ஆராய்ச்சிசாலைகளில் பார்க்கிறார்கள்.

இங்கே ஓர் ஐயத்தைத் தீர்க்க வேண்டும். பரம்பரையலகு என்ற பெயரைக் கேட்டு, இது பரம்பரையாய் வரும் வியாதி, தலைவிதி என்று எண்ணிவிடக் கூடாது. இந்தப் பழுதுகள் பெரும்பாலும் நமது ஆயுட்காலத்தில், நமது கன்னத்துக் கலங்களில் உண்டாகின்றவை. பிள்ளைகளுக்கு அவை போவதில்லை. பிள்ளைகளுக்குப் போவது பழக்கம்!

வெற்றிலை மங்கலப் பொருளாயிற்றே என்று பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தாம்பூலத் தட்டை யாரும் அகற்றச் சொல்லவில்லை. தெய்வத்துக்கு வைப்பதும், விருந்தினருக்குக் கொடுத்து மரியாதை செய்வதும் வேறு. நாள் முழுவதும் பாக்கையும் புகையிலையையும் கன்னத்தில் அடக்கிவைத்திருப்பது வேறு. மழையிலும் குளிரிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாய்மார், பசியையும் களைப்பையும் மறக்கவே இப்பழக்கத்தைக் கொண்டார்கள் என்பதை நாம் அறிவோம். அவர்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அவர்களை இழக்க நமக்குச் சம்மதமில்லை, அவ்வளவுதான்.

ஆராய்ச்சிசாலையில் வாசிக்கும் அடையாளம் ஒரு புறம் இருக்க, வெறுங் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் உண்டு. துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவந்த படை, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பது குறைதல் ஆகியவை அவை. பெரும்பாலும் வலி இராது; வலி இல்லாததாலேயே நாளைக் கடத்துகிறோம். வைத்தியசாலைக்குப் போனால் ஒரு பேர் போய்விடுமே என்ற கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஒரு நாட்பேரா, ஓர் உயிரா என்பதை அந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளின் பல் வைத்தியப் பிரிவில் இதற்குக் கட்டணம் இல்லை. பழக்கத்தை விட்டால் வெள்ளைப் படை சிலருக்கு மறைவதும் உண்டு. புற்றுநோயேயானாலும் ஆரம்பத்திற் கண்டால் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம். முற்றிய பின் மஹரகமைக்குப் போகிறவர்களுக்கு அந்த வாய்ப்புச் சுருங்கிவிடுகிறது.

இளைஞர்களே! ஒவ்வொருவரும் இம்மாதம் ஒரு காரியம் செய்வோம். வீட்டிலுள்ள அப்பாவையும் அம்மாயியையும் பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, “கொஞ்சம் வாயைத் திறந்து காட்டுங்கள்” என்று அன்போடு கேட்போம். குறி கண்டால் நாமே கூட்டிக்கொண்டு போவோம். தனியே போகச் சொல்ல வேண்டாம். நாம் வெற்றிலை போடுபவரானால், நமது வாயை முதலில் காட்டுவோம்.

பெரியோர்களே! பிள்ளைகள் அவ்வாறு கேட்கும்போது கோபியாமல் வாயைத் திறந்து காட்டுங்கள். அதுவே இவ்வாண்டில் இச்சங்கத்துக்கு நீங்கள் தரும் ஆசீர்வாதமாகும்.