நம்பிக்கை என்னும் நங்கூரம்

தமிழில் 'நம்பிக்கை' என்பது பல பொருள் தரும் ஒரு சொல். ஒருவரிடம் பணத்தை ஒப்படைத்துவிட்டு, "அவர்மீது எனக்கு நம்பிக்கை உண்டு" என்கிறோம். கடவுள் உண்டு என்று கொள்வதையும் நம்பிக்கை என்றே சொல்கிறோம். தேர்வு எழுதிவிட்டு வீடு திரும்பும் மாணவனும், "தேறிவிடுவேன் என்ற நம்பிக்கை இருக்கிறது" என்கிறான். கொரிந்து நகரத்துச் சபையார்க்கு அப்போஸ்தலராகிய பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில், என்றும் நிலைத்து நிற்பவை மூன்று என்று அவர் எண்ணிச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அம்மூன்றையும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று வகுத்துக் கூறுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ நடுவில் உள்ளதை 'எதிர்நோக்கு' என்று குறிக்கிறது.

விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கங்கள் பல கேட்டிருக்கிறோம். அன்பைப் பற்றிக் கேளாத நாளில்லை. நடுவில் நிற்கும் இந்த நம்பிக்கையைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அதனைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

முதலாவதாக, நம்பிக்கை வேறு, எதிர்பார்ப்பு வேறு. மேகம் கறுத்தால் உழவன் மழையை எதிர்பார்க்கிறான். மருத்துவர் முகம் மலர்ந்தால் நோயாளியின் உறவினர் நல்ல செய்தியை எதிர்பார்க்கின்றனர். எதிர்பார்ப்புக்கு ஓர் அறிகுறி வேண்டும். அறிகுறி மறைந்தால் அதுவும் மறைந்துவிடும். கிறிஸ்தவ மறை கூறும் நம்பிக்கையோ, அறிகுறிகள் யாவும் மறைந்த பின்னர்த்தான் தன் வேலையைத் தொடங்குகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் ஆபிரகாமை எடுத்துக்காட்டுவது இதனால்தான். நம்புவதற்கு ஏதும் இல்லாத முதிய பருவத்தில் நம்பியவர் அவர்.

அப்படியானால், துன்பம் வந்தபோது அழுவது நம்பிக்கையின்மை ஆகுமா? ஆகாது. இதனைத் தெளிவாக்க வேதாகமத்தையே சான்றாகக் கொள்ளலாம். சங்கீதங்கள் 150. அவற்றுள் முறையீடும் புலம்பலுமாக அமைந்தவையே மிகுதி. 88ஆம் சங்கீதமோ தொடக்கம் முதல் முடிவு வரை இருளாகவே இருந்து, இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதைப் பாடியவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை. அப்பாட்டை நூலிலிருந்து நீக்கிவிடவும் இல்லை. சிலுவையில் தொங்கிய இயேசு பெருமானும், கைவிடப்பட்டவனின் கூக்குரலாகிய 22ஆம் சங்கீதத்தின் முதல் அடியைத்தான் தம் வாயில் வைத்துக் கதறினார்.

'புலம்பல்' என்றே பெயர்பெற்ற நூல் ஒன்று பழைய ஏற்பாட்டில் உண்டு. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை அழித்தபோது எழுந்த அழுகை அது. அதன் அமைப்பைக் கருதிப் பாருங்கள். அதிகாரங்கள் 5. முதல் இரண்டும், கடைசி இரண்டும் 22 வசனங்கள் கொண்டவை. நடுவில் உள்ள 3ஆம் அதிகாரம் மட்டும் 66 வசனங்கள் கொண்டது. அந்த நடு அதிகாரத்தில்தான், இறைவனின் இரக்கம் தீர்ந்துபோகவில்லை, அது காலைதோறும் புதிதாகிறது என்னும் கருத்து எழுகிறது. அதற்குப் பிறகு அழுகை நின்றுவிட்டதா? இல்லை. மறுபடியும் புலம்பல் தொடர்கிறது. நூல் முடியும்போதும் விடை கிடைக்கவில்லை. அழுது முடித்த பிறகு வருவது நம்பிக்கை என்று நாம் நினைக்கிறோம். அழுகையின் நடுவிலேயே அது இருக்கிறது என்று அந்த நூல் காட்டுகிறது.

எபிரேயருக்கு எழுதிய நிருபம் நம்பிக்கையை நங்கூரத்துக்கு ஒப்பிடுகிறது. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் பழங்காலக் கிறிஸ்தவர்கள் நங்கூர உருவத்தைப் பொறித்து வைத்திருப்பதை இன்றும் காணலாம். நெய்தல் நிலத்தை அறிந்த நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். நங்கூரம் புயலை அடக்குவதில்லை. அலையைத் தணிப்பதுமில்லை. அது செய்வது ஒன்றே; கலம் அடித்துச் செல்லப்படாமல் பிடித்துக்கொள்கிறது. அது பற்றியிருக்கும் தரை கலத்திலிருப்பவர் கண்ணுக்குத் தெரிவதுமில்லை.

உவமை இருக்கட்டும். வாழ்க்கையில் இஃது எவ்வாறு நிகழ்கிறது என்று கேட்பீர்கள். நம் தமிழ்நாட்டு வேலூரிலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925இல் கேரளத்தில் பிறந்தவர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானவர். 1954இல், உடன் பணியாற்றிய இளம் மருத்துவர்களோடு அவர் சென்ற ஊர்தி விபத்துக்குள்ளாயிற்று. முகத்தில் பெருங்காயம், முதுகுத்தண்டில் ஊறு, இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அப்போது அவருக்கு வயது 28. இனி நடக்க இயலாது என்பது உறுதியாயிற்று. ஒரு மருத்துவருக்கு அந்த உண்மையை மறைத்து ஆறுதல் சொல்லவும் முடியாதன்றோ?

அக்காலத்தில் அங்கே டாக்டர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் பணிபுரிந்துவந்தார். அவர் நம் கொல்லிமலையில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர். 1946இல் வேலூருக்கு வந்தவர், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீர்ப்படுத்தும் முறையை அங்கே வளர்த்தார். அம்முறையைச் சிறிது விளக்க வேண்டும். நான் சொல்ல வந்த கருத்துக்கு அது மிகவும் பயன்படும்.

தொழுநோய் முற்றும்போது, முழங்கையை ஒட்டிச் செல்லும் நரம்பு கெட்டுவிடுவதுண்டு. அதனால் கையிலுள்ள சிறு தசைகள் செயலற்று, விரல்கள் கொக்கிபோல் வளைந்துகொள்கின்றன. சோறு பிசையவோ, எழுதுகோல் பிடிக்கவோ இயலுவதில்லை. செத்துப்போன தசைக்கு உயிர் கொடுக்க அறுவை மருத்துவரால் முடியாது. அவர் செய்வது வேறு. முன்கையில் வலிமையோடு இருக்கும் தசை ஒன்றின் நாணை எடுத்து, விரல்களுக்குக் கொண்டுசென்று இணைக்கிறார். பின்னர் நோயாளி, தான் முன்பு வேறொரு வேலைக்குப் பயன்படுத்திய தசையைக் கொண்டு விரலை அசைக்கக் கற்றுக்கொள்கிறார். அது பல வாரப் பயிற்சி. ஒரு நாள் மடங்கிய விரல் நிமிர்கிறது. இழந்தது திரும்பவில்லை, எஞ்சியது அதன் வேலையை ஏற்றுக்கொண்டது.

கையில் செய்யும் இவ்வறுவையை மருத்துவர் உட்கார்ந்தவாறே செய்யலாம். ஆதலால், மேரி வர்கீஸ் இப்பணியை மேற்கொள்ளலாம் என்று பிராண்ட் எண்ணினார். கால் இழந்தவருக்குக் கைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் தொழுநோயாளரின் கைகளில் அறுவை செய்தார். அந்த நோயாளிகள் தங்களைவிட மிகுதியாக இழந்த ஒருவர் தங்கள் கையைப் பற்றி ஆய்வதைக் கண்டனர். நாமும் வாழலாம் என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் எழுந்ததற்கு வேறு சொற்பொழிவு தேவைப்படவில்லை.

அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். முதுகுத்தண்டு சிதைந்தோர்க்கென 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1986இல் அவர் மறைந்தார். அந்நிலையம் அவர் பெயரால் இன்றும் இயங்கிவருகிறது. மரத்திலிருந்து விழுந்தவரும் விபத்தில் சிக்கியவரும் அங்கே படுக்கையிலிருந்து எழுந்து உட்காரவும், சக்கர நாற்காலியைச் செலுத்தவும், தம் ஊருக்குத் திரும்பி ஒரு தொழிலைச் செய்யவும் கற்கின்றனர்.

அன்பர்களே, இவ்வரலாற்றில் அற்புதம் ஏதும் இல்லை என்று சிலர் கருதலாம். கால்கள் நடக்கவில்லை, அது மெய். கடவுளை நம்பினால் நோய் நீங்கும், கடன் தீரும், கவலை ஒழியும் என்று பேசுவோர் உண்டு. அவ்வாறு நீங்காதபோது, "உன் விசுவாசம் குறைவு" என்று புண்பட்டவனையே குற்றஞ்சாட்டுவோரும் உண்டு. அதனை நான் ஏற்பதில்லை. தமக்கிருந்த முள் ஒன்றை நீக்கும்படி மும்முறை வேண்டியதாகப் பவுலே எழுதுகிறார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் அருள் கிடைத்தது. பவுலின் விசுவாசம் குறைவு என்று சொல்வார் உண்டோ?

அறுவை மருத்துவரின் அந்தத் தசைநாணைத்தான் நான் மீண்டும் நினைவூட்டுகிறேன். கிறிஸ்தவ நம்பிக்கை பெரும்பாலும் அங்ஙனமே நம்முள் வேலை செய்கிறது. இழந்ததை அது அப்படியே மீட்டுத் தருவதில்லை. எஞ்சியிருப்பதை எடுத்து, இழந்ததன் இடத்தில் பொருத்தி, அதைப் பிறர்க்கும் பயன்படுமாறு பழக்குகிறது. அந்தப் பழக்கம் ஒரே நாளில் வருவதன்று. அதில் வலியும் உண்டு.

ஆனால் ஒன்று கேட்கலாம். "நம்பவே முடியாதபடி உள்ளம் மரத்துப்போனால் என்ன செய்வது?" மிக நேர்மையான கேள்வி இது. என் தமக்கை தம் ஒரே மகனை இழந்தபோது இந்நிலையில் இருந்ததை நான் அருகிலிருந்து கண்டேன். திருநெல்வேலிச் சீமையில் அவர்கள் இருக்கும் சிற்றூரில், மாலைதோறும் கோயில் மணி அடித்த பிறகு சபைப் பெண்கள் நான்கைந்து பேர் வீட்டுக்கு வருவார்கள். அக்காள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், வாய் திறக்கமாட்டார். அவர்கள் அவரைப் பாடச் சொல்லவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. பாயை விரித்து அமர்ந்து, ஒரு கீர்த்தனை பாடி, ஒரு ஜெபம் செய்து, ஒருவர் அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்துவிட்டுப் போவார். ஏறத்தாழ மூன்று மாதம் இது நடந்தது. ஒரு மாலை, பாட்டின் பல்லவியில் அக்காளின் குரலும் மெல்லச் சேர்ந்தது. அக்காளின் துயரம் அன்று தீர்ந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. அது இன்றும் தீரவில்லை. ஆயினும், மறுநாள் கஞ்சியை அவரே வைத்தார்.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்று உண்டு. திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் வாயிலை அணுக முடியவில்லை. கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு கீழே இறக்குகிறார்கள். இயேசு பெருமான் 'அவர்களுடைய' விசுவாசத்தைக் கண்டார் என்று சுவிசேஷகர் எழுதுகிறார். படுத்திருந்தவனிடம் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று அவர் கணக்கிடவில்லை. சுமந்து வந்தவர்களின் நம்பிக்கை அவனுக்கும் போதுமானதாயிருந்தது.

ஆகவே, நம்பிக்கை ஒருவன் தனியாக நின்று தன் நெஞ்சிலிருந்து பிழிந்தெடுக்க வேண்டிய பொருளன்று. தன்னால் இயலாத நாளில் பிறர் அதை அவனுக்காகச் சுமக்கலாம். இயலும் நாளில் அவன் பிறருக்காகச் சுமக்கலாம். திருச்சபை என்பதன் பொருளும் இதுவே என்று நான் கருதுகிறேன். இயேசு கற்பித்த ஜெபமும், 'எனக்கு' என்று கேளாமல் 'எங்களுக்கு' என்றே கேட்கிறது. அதுவும் அன்றன்றைக்குரிய அப்பத்தை மட்டுமே கேட்கிறது. நாளைய வலிமையை இன்றே சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

இந்த வேளையில் என் சொற்களைக் கேட்டுக்கொண்டிருப்போருள் சிலர் நோய்ப்படுக்கையில் இருக்கலாம். சிலர் வேறு சமயத்தைச் சார்ந்தவராகவும், சிலர் எச்சமயத்தையும் சாராதவராகவும் இருக்கலாம். உங்கள் துன்பம் நாளையே நீங்கும் என்று கூற எனக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இழந்ததை எண்ணி அழ வேண்டுமானால் தடையின்றி அழுங்கள். வேதமே அதற்கு இடம் தருகிறது. அழுகையினூடே, இன்னும் எஞ்சியிருப்பது யாது என்றும் ஒருமுறை பாருங்கள். ஒரு கை, ஒரு குரல், ஒருவருக்குக் கடிதம் எழுதும் திறன், அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமை, ஏதேனும் ஒன்று இருக்கும். துன்பமின்றி நலமாக இருப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் பாட முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அறிவுரையை வீட்டில் வைத்துவிட்டு, சிறிது அரிசியோடு இன்று மாலை அங்கே சென்று வாருங்கள்.