அந்தப் பாட்டில ஆறு பெயர்

(அட்லிஸ்வில் இளையோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடையைப் பெரும்பாலும் மாற்றவில்லை.)



எம்.ஐ.ஏ.யின்ர ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டைக் கேட்காத ஆள் இந்த மண்டபத்தில இருக்க ஏலாது. துவக்குச் சத்தம், பிறகு காசுப்பெட்டி திறக்கிற சத்தம். 2007இல ‘கலா’ தொகுப்பில வந்தது. அடுத்த வருசம் அமெரிக்கப் பட்டியலில நாலாம் இடம் வரைக்கும் போனது. எங்கட பிள்ளை எழுதின பாட்டு எண்டு நாங்கள் மார்தட்டிக்கொண்டு திரிஞ்சம்.

ஆனால் அந்தப் பாட்டை எழுதினவர்கள் எண்டு ஆறு பெயர் பதிவாகி இருக்கு. மாதங்கி அருட்பிரகாசம் ஒண்டு. டிப்லோ எண்டு நாங்கள் அறிஞ்ச வெஸ்லி பென்ட்ஸ் ஒண்டு. மற்ற நாலும் ஜோ ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ், போல் சிமோனன், டொப்பர் ஹெடன். இதில ஸ்ட்ரம்மர் 2002 டிசம்பரிலேயே செத்துப்போனார். தன்ர பெயர் போட்ட அந்தப் பாட்டை அவர் கேட்டதே இல்லை.

இந்த நாலு பேர்தான் ‘த கிளாஷ்’. பங்க் எண்டும் நியூ வேவ் எண்டும் பத்திரிகைக்காரர் மாறி மாறிப் பெயர் வைச்ச லண்டன் குழு. ‘பேப்பர் பிளேன்ஸ்’ முழுக்கப் பின்னால ஓடுற கிட்டார் இழை, இவையின்ர ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ எண்ட 1982ஆம் ஆண்டுப் பாட்டில இருந்து எடுத்தது. மூடின உருக்கு ஆலைகள், இங்கிலீசு கதைச்சாலும் உனக்கு இஞ்ச இடமில்லை எண்டு சொல்லுப்பட்ட குடியேறி, வியட்நாமில அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டிட்டு வந்த பிள்ளைகள். இதுதான் அந்தப் பாட்டின்ர விசயம். அது வரேக்க மாதங்கிக்கு ஆறு வயசு. 1986இல அவ அகதியாக லண்டனுக்குத் திரும்பினா.

நான் இண்டைக்குக் கதைக்க வந்தது யார் பெயர் எழுதப்படுது எண்ட விசயத்தைத்தான். ஏனெண்டால் கிளாஷின்ர வரலாற்றை அந்தப் பெயர்ப் பட்டியலை வைச்சே சொல்லிப்போடலாம்.

1977 ஜனவரியில சிபிஎஸ் கம்பனியோட ஒரு லட்சம் பவுணுக்கு ஒப்பந்தம். புரட்சி விலைபோச்சு எண்டு அப்பவே திட்டு விழுந்தது. அந்தக் காலத்துப் பாட்டுகள் பெரும்பாலும் ‘ஸ்ட்ரம்மர்/ஜோன்ஸ்’ பெயரில. சொல் ஸ்ட்ரம்மருடையது, மெட்டு ஜோன்ஸுடையது. ஸ்ட்ரம்மர் பிரித்தானிய வெளிநாட்டுச் சேவை உத்தியோகத்தரின்ர மகன், பிறந்தது அங்காராவில. தகப்பன் பிறந்தது லக்னோவில. மிக் ஜோன்ஸ் லண்டன் அடுக்குமாடியில பாட்டியோட இருந்தவர். இந்த இரண்டு பேரும் சேர்ந்ததே ஒரு சின்ன வர்க்க அதிசயம்தான்.

1980இல ‘சண்டினிஸ்டா!’ வருது. மூண்டு இசைத்தட்டு, ஆனால் விலை குறைவு. அதுக்காக முதல் இரண்டு லட்சம் பிரதிக்கான உரிமைத்தொகையை விட்டுக்கொடுத்தவை. அதே தொகுப்பில பாட்டெழுதினவர் எண்ட இடத்தில ஆளாளுக்குப் பெயரில்லை, ‘த கிளாஷ்’ எண்டு மட்டும் போட்டவை. 1982இல வந்த ‘கொம்பட் ரொக்’கும் அப்படித்தான். டிரம்ஸ் அடிக்கிற ஹெடனும் பாட்டெழுதினவராகினது இப்படித்தான். சும்மா தானமில்லை. ‘ரொக் த கஸ்பா’வின்ர இசையே அவருடையது, பியானோ, பேஸ், டிரம்ஸ் மூண்டையும் அவரே வாசிச்சவர். அந்தத் தொகுப்பு வெளிவந்த மே மாசமே, ஹெரோயின் பழக்கத்துக்காக அவரை வெளியேற்றினவை. ஆனால் பெயரை வெட்டேல்லை.

அடுத்த வருசம் ஜோன்ஸையும் வெளியேற்றினவை. 1985இல வந்த கடைசித் தொகுப்பை எடுத்துப் பாருங்கோ: பாட்டெழுதினவர் ‘ஸ்ட்ரம்மர்/ரோட்ஸ்’. ரோட்ஸ் யாரெண்டால், மனேஜர்! குழு எப்ப செத்தது எண்டு கேட்டால் நான் இந்த வரியைத்தான் காட்டுவன். 1991இல ஜீன்ஸ் விளம்பரம் ஒண்டுக்குள்ள போன பிறகுதான் அவையின்ர பாட்டொண்டு பிரித்தானியாவில முதலிடம் பிடிச்சது. அதைப் பற்றி இன்னொரு நாள்.

கறுப்பு இசையை இவை எடுத்ததைப் பற்றியும் கேட்பீங்கள். கேட்கத்தான் வேணும். முதல் தொகுப்பிலேயே ஜூனியர் மர்வினின்ர ‘பொலிஸ் அண்ட் தீவ்ஸ்’ இருக்கு. அதில மர்வினுக்கும் லீ பெரிக்கும் பெயர் போட்டவை. இந்த லீ பெரி பிற்காலத்தில கனகாலம் எங்க இருந்தவர் தெரியுமோ? ஐன்சீடெல்னில. எங்கட அம்மாமார் கறுப்பு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போற அதே ஐன்சீடெல்ன்!

இனி எங்கட பக்கம் வாறன். ‘கலா’வில ‘பொய்ஸ்’ எண்ட பாட்டைக் கேளுங்கோ. அந்த இடியெல்லாம் தமிழ்நாட்டு உறுமி. அங்கபோய் உறுமிக் கலைஞர்களை வைச்சுப் பதிவுசெய்தது. பாட்டெழுதினவர்கள் எண்டு இருக்கிறது இரண்டு பெயர்: மாதங்கியும் டேவ் டெய்லரும். லண்டன் கிட்டார் இழைக்கு நாலு பெயர். உறுமிக்கு ஒண்டும் இல்லை.

இதுக்கு மாதங்கியை மட்டும் குற்றவாளிக் கூண்டில ஏற்ற நான் வரேல்லை. (அவ இப்ப சொல்லுற கனவிசயத்தில எனக்கு உடன்பாடில்லை, அது வேற.) இசைச் சட்டம் மெட்டையும் சொல்லையும் எழுத்து எண்டு பாக்குது, தாளத்தை லேசில அப்படிப் பாக்காது. அது கம்பனிச் சட்டம். ஆனால் அடிக்கிறவன் கலைஞன் இல்லை, கூலிக்காரன் எண்டு எங்களுக்குச் சொல்லித்தந்தது கம்பனியோ? யாழ்ப்பாணத்தில செத்தவீட்டுக்குப் பறை அடிச்சவரை வாசலுக்கு வெளியில நிப்பாட்டினது எந்தக் கம்பனி?

போன வருசம் நாங்களே நடத்தின நிகழ்ச்சியின்ர துண்டுப்பிரசுரம் என்ர கையில இருக்கு. பாடகியின்ர பெயர் பெரிய எழுத்தில. கவிதை எழுதினவருக்குப் படமும் இருக்கு. பறை அடிச்ச மூண்டு பேருக்கு: ‘குழுவினர்’. அந்தத் துண்டை வடிவமைச்சது நான்தான். அண்டு இரவு கதிரை அடுக்கேக்க அதில ஒரு தம்பி கேட்டார், ‘அண்ணை, குழுவினர் எண்டது எங்களையோ?’ எண்டு. பகிடியாத்தான் கேட்டவர். நான் சிரிச்சுச் சமாளிச்சன்.

நேரடி இசை நிகழ்ச்சி நடத்தினால் என்னென்ன பாடினது, யார் ஆக்கினது எண்டு சூரிச்சில இருக்கிற சுயிசாவுக்குப் பட்டியல் அனுப்ப வேணும். உங்களில சொந்தமாக ராப் எழுதுறவைக்கும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கு. பாட்டைப் பதியேக்க யாருக்கு எவ்வளவு பங்கு எண்டதை ஆக்கினவர்களே தங்களுக்குள்ள பேசித் தீர்மானிக்கலாம். தாளத்தை உருவாக்கினவருக்கும் பங்கு எழுதலாம். கிளாஷ் செய்தது அதுதான், அதுக்கு அவைக்குப் புதுச் சட்டம் ஒண்டும் தேவைப்படேல்லை.

அடுத்த நிகழ்ச்சிக்கான பாட்டை எங்கட ஆட்களே சேர்ந்து ஆக்கிக்கொண்டிருக்கினம். அதில வாற பறை அடியை அந்த மூண்டு தம்பிமார்தான் போட்டவை, மூண்டு பேரும் பின்வரிசையில இருக்கினம். வாசல் மேசையில ஒரு தாள் வைச்சிருக்கிறன். தம்பிமார், போகேக்க உங்கட பெயரை எப்படி எழுத வேணுமோ அப்படியே அதில எழுதிவிட்டுப் போங்கோ.