இனிப்புநீர் என்னும் சொல்

மலேசியத் தமிழர் வழக்கிலுள்ள ‘இனிப்புநீர்’, மலாய்மொழியின் ‘கெஞ்சிங் மானிஸ்’ போலவே சிறுநீரைச் சுட்டுவது. ‘நீரிழிவு’ம் அவ்வாறே. ஆயினும், இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமோலைக் கடந்த பின்னரே சிறுநீர் இனிக்கும். வெறும் வயிற்றில் 7 எட்டினாலே அது நோய். நம் சொற்கள் நோய்க்குப் பிந்தி வருகின்றன.

இளையோரிடத்து இப்பிந்தல் கேடு விளைக்கிறது. வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு மிகுந்த பிள்ளையின் உடல் இன்சுலினுக்கு எளிதில் இணங்குவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்டுகிறது. அது தளரும்வரை சர்க்கரை அளவு இயல்பாகவே தோன்றலாம். பலருக்குக் கழுத்தின் பின்புறம் மட்டும் கறுத்துத் தடிக்கிறது. அதற்கு நாம் இட்ட பெயர் ‘அழுக்கு’. தேய்த்துக் குளிக்கவில்லை என்று பிள்ளையை ஏசுகிறோம். அப்பிள்ளையைக் குழந்தைப் பருவத்தில் ‘கொழுகொழு’வெனக் கொஞ்சியவர்களும் நாமே!

‘முன்நீரிழிவு’ என்னும் கலைச்சொல் உண்டு. நல்ல ஆக்கந்தான், ஆனால் துண்டறிக்கையை விட்டு அடுக்களைக்குள் வரவில்லை. பருமனான பிள்ளையிடம் காணும் அந்த அடையாளத்தைக் ‘கழுத்துக் கருமை’ என்றே வழங்கலாம் என்பது நம் கருத்து. கருமை கண்டோர்க்கெல்லாம் நோய் என்பதன்று; இரத்தப் பரிசோதனைக்கு அது போதிய காரணம். அச்சொல் பிள்ளையைப் பழிக்காது. கிளினிக்கில் சொன்னால் மருத்துவருக்கும் உடனே விளங்கும்.