எழுத்து உடையாமல் அச்சுக்குப் போகட்டும்

(அறக்கட்டளையின் கணினி வடிவமைப்புப் பயிற்சியை நிறைவு செய்த மாணவ, மாணவியர் மத்தியில் ஆற்றிய உரை)



அன்பான பிள்ளைகளே, உங்களை இங்கே அனுப்பி வைத்துவிட்டு வீட்டு வேலைகளைத் தாங்களே பார்த்துக்கொண்ட தாய்மார்களே, பொறுப்பாளர்களே!

மூன்று மாதம் உட்கார்ந்து கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் ஆகியவற்றைக் கற்றுக்கொண்டீர்கள். இனி நாலு பேர் உங்களைத் தேடி வந்து வேலை கொடுப்பார்கள். கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, மருத்துவ முகாம் நோட்டீஸ், கல்வி உதவித்தொகை அறிவிப்பு என்று வரும். அப்படி வரும்போது முதல் மாதத்திலேயே உங்கள் காதில் விழப்போகும் புகார் ஒன்று இருக்கிறது. "கம்ப்யூட்டரில் நல்லாத்தானே இருந்தது, பிரிண்ட்டில் ஏன் கட்டம் கட்டமா உடைஞ்சிருக்கு?" அந்தப் புகாரைப் பற்றி மட்டும்தான் இன்று பேசப்போகிறேன்.

இது அழகு சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். உதவித்தொகை நோட்டீஸில் கடைசித் தேதி 3 ஆ, 8 ஆ என்று தெரியாவிட்டால் ஒரு பிள்ளையின் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகலாம். இரத்த தான நோட்டீஸில் தொலைபேசி எண்ணின் ஓர் இலக்கம் மங்கினால், அவசரத்தில் அழைப்பவர் வேறு யாருக்கோ அழைப்பார். நன்கொடைக்கான கியூஆர் குறியீட்டின் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் போன் அதைப் படிக்காது. நம் தமிழ் எழுத்தோ இன்னும் நுணுக்கமானது. புள்ளி மறைந்தால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும்.

ஏன் உடைகிறது?

நீங்கள் வரைந்த கோடும் வளைவும் வெக்டர். அதாவது, "இங்கே தொடங்கி, இப்படி வளைந்து, அங்கே முடி" என்ற கணக்காகத்தான் கோப்பில் இருக்கிறது. அதைத் தபால்தலை அளவுக்கும் ஆக்கலாம், கட்டிடத்தின் அளவுக்கும் ஆக்கலாம். ஓரம் கூர்மையாகவே இருக்கும். ஆனால் அதையே பிஎன்ஜி ஆகவோ ஜேபிஜி ஆகவோ ஏற்றுமதி செய்த நொடியில் கணக்கு போய்விடுகிறது. எண்ணிக்கையிட்ட சதுரப் புள்ளிகள்தான் மிஞ்சுகின்றன. அந்தப் புள்ளிதான் பிக்சல். எத்தனை பிக்சல் என்பது அங்கேயே முடிவாகிவிடும். பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் பிக்சல் கூடாது. இருக்கிற சதுரம்தான் பெரிதாகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஏ4 தாளில் நோட்டீஸ் செய்கிறீர்கள். இங்க்ஸ்கேப் பொதுவாகக் காட்டும் அளவு அங்குலத்துக்கு 96 புள்ளிகள். அப்படியே ஏற்றுமதி செய்தால் 794க்கு 1123 பிக்சல் கிடைக்கும். போனில் பார்க்க அது போதும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 வேண்டும். அப்போது அதே தாளில் 2480க்கு 3508 பிக்சல். மொத்தப் புள்ளிகளைப் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட பத்து மடங்கு. முதல் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினால், பத்துப் புள்ளி நிற்கவேண்டிய இடத்தில் ஒரே புள்ளி நிற்கிறது. உடையாமல் என்ன செய்யும்?

ஆகவே ஏற்றுமதிப் பெட்டி திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஓகே கொடுக்காதீர்கள். ரெசல்யூஷன் என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் 72, 150, 300 என்று தேர்வு இருக்கும், அச்சுக்கு 300. மற்ற மென்பொருள்களிலும் அந்த எண்ணைக் கையால் மாற்றலாம்.

இன்னும் நல்ல வழி, அச்சகத்துக்குப் படமாகவே அனுப்பாமல் பிடிஎஃப் ஆக அனுப்புவது. அதில் உங்கள் கோடும் எழுத்தும் வெக்டராகவே போய்ச் சேரும். அனுப்புமுன் எழுத்துகளை வளைவுகளாக மாற்றிவிடுங்கள். கோரல்டிராவில் கன்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. உங்கள் தமிழ் எழுத்துரு அச்சகத்துக் கணினியில் இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது. ஆனால் வளைவாக்கிய பிறகு பிழை திருத்த முடியாது. அதனால் திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.

300 வைத்தும் உடைந்தால்?

அப்போது மூன்று இடத்தில் தேடுங்கள்.

முதலாவது, உள்ளே வைத்த புகைப்படம் அல்லது சின்னம். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் ஒரு லோகோவை அனுப்பியிருப்பார். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். படத்தின் அகலப் பிக்சலை 300ஆல் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்குத் தாங்கும் என்று தெரிந்துவிடும். 600 பிக்சல் என்றால் 2 அங்குலம். அதை 8 அங்குலத்துக்கு இழுத்து வைத்துவிட்டு 300இல் ஏற்றுமதி செய்வது, நீர்த்துப்போன சாயாவைப் பெரிய குவளையில் ஊற்றுவது போலத்தான். மூலப் படத்தை டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். லோகோவுக்கு மூலம் இல்லை என்றால் நீங்களே பென் டூலில் புதிதாக வரைந்துகொடுங்கள். தானாக டிரேஸ் செய்யும் வசதி இருக்கிறது; ஆனால் மங்கிய படத்தை டிரேஸ் செய்தால் மங்கலும் சேர்ந்துதான் வரும். எழுத்து உள்ள சின்னத்தைக் கையால் வரைவதே நல்லது.

இரண்டாவது, நிழல், மங்கல் போன்ற எஃபெக்ட்கள். இவை வெளியேறும்போது பிக்சலாக மாறுபவை. இல்லஸ்ட்ரேட்டரில் எஃபெக்ட் மெனுவில் ஆவணத்தின் ராஸ்டர் அமைப்பு என்று தனியாக இருக்கிறது. அது 72இல் நின்றால் நிழல் மட்டும் கட்டம் கட்டமாக வரும். அதை 300 ஆக்குங்கள். இங்க்ஸ்கேப்பில் பிடிஎஃப் சேமிக்கும் பெட்டியிலேயே அந்த எண்ணைக் கேட்கும்.

மூன்றாவது, கோப்பு வகை. ஜேபிஜி புகைப்படத்துக்காக ஏற்பட்டது. அது படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதனால் எழுத்தின் ஓரத்தில் அழுக்குப் படிந்தது போலத் தெரியும். திரும்பத் திரும்பச் சேமித்தால் இன்னும் கெடும். எழுத்து, சின்னம், கியூஆர் குறியீடு ஆகியவற்றுக்கு பிஎன்ஜி எடுங்கள். கியூஆரைச் சுற்றி நாலு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடுவதையும் மறக்காதீர்கள்.

ஃப்ளெக்ஸுக்கு வேறு கணக்கு

பத்தடிக்கு நாலடி ஃப்ளெக்ஸுக்கும் 300 வேண்டுமா என்று கேட்பீர்கள். வைத்தால் 36,000க்கு 14,400 பிக்சல். கணினி திணறி நின்றுவிடும். தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பதற்கு அவ்வளவு தேவையில்லை. 72 வைத்தாலே 8,640க்கு 3,456 பிக்சல் வருகிறது. தூரத்துப் பார்வைக்கு அது தாராளம். கையில் பிடித்துப் படிப்பதற்கு 300, தள்ளி நின்று பார்ப்பதற்குக் குறைவு என்று மனதில் வையுங்கள்.

திரையில் பிஎன்ஜியை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "உடைந்துவிட்டது" என்று பயப்படவும் வேண்டாம். எந்தப் பிக்சல் படமும் அப்படித்தான் தெரியும். 100 சதவீதத்தில் பாருங்கள். அச்சுக்கு என்றால், உண்மையான அளவில் ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொடுத்துத் தொலைபேசி எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். கியூஆரை உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்யுங்கள். இரண்டும் சரியாக வந்தால் அனுப்புங்கள். ஆயிரம் நோட்டீஸ் அடித்த பிறகு கண்டுபிடித்தால், தாளும் மையும் யாருடைய பணம் என்று யோசியுங்கள். நலப்பணி நோட்டீஸ் என்றால் அது பத்துப் பேர் கொடுத்த நன்கொடை.

பிள்ளைகளே, ஒருவர் தன் கடையின் பெயரையோ தன் மகளின் கல்யாணச் செய்தியையோ உங்கள் கையில் கொடுக்கும்போது அது ஓர் அமானிதம். அதில் ஓர் எழுத்தும் சிதையாமல் போய்ச் சேரவேண்டும். அதற்குப் பெரிய கணினி வேண்டியதில்லை. இங்க்ஸ்கேப் இலவசமாகவே கிடைக்கிறது. ஏற்றுமதிப் பெட்டியில் அரை நிமிடம் நின்று பார்க்கும் பொறுமை இருந்தால் போதும். வீட்டிலிருந்தபடியே வேலை செய்ய நினைக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்: விலையைக் குறைத்து வாடிக்கையாளரைப் பிடிக்காதீர்கள். "இந்தப் பிள்ளையிடம் கொடுத்தால் எழுத்து உடையாது" என்ற பெயரை எடுங்கள். அந்தப் பெயரே அடுத்த வேலையைக் கொண்டுவரும்.