பெயரை மாற்றாத அண்ணன்



பங்க் இசை என்றால் ராமோன்ஸ் என்பீர்கள், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்பீர்கள். அவர்களுடைய முதல் தட்டு கடைக்கு வருவதற்கு முன்பே, 1975-லேயே, அந்த வேகத்தில் பாடிப் பதிந்துவிட்டார்கள் மூன்று சகோதரர்கள். டேவிட், பாபி, டேனிஸ் ஹாக்னி. ஊர் அமெரிக்காவின் டெட்ராய்ட். மோட்டவுன் என்ற சோல் இசை நிறுவனம் பிறந்த ஊர். கறுப்பினப் பிள்ளைகள் என்றால் சோல் பாட வேண்டும், ஃபங்க் வாசிக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். இவர்களோ கிட்டாரை அலறவிட்டார்கள்!

தந்தை ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தார். அந்தத் துயரத்தில் மூத்தவர் டேவிட் குழுவுக்குச் சூட்டிய பெயர் 'டெத்'. ஆம், சாவு! எந்த வானொலிக்காரர் துணிந்து அறிவிப்பார், சொல்லுங்கள்? இசைத்துறைப் பெரும்புள்ளி கிளைவ் டேவிஸ் பணம் போட முன்வந்தார். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். டேவிட் முடியாது என்றார். தம்பிகளுக்கு மனசுக்குள் ஆசைதான். ஆனாலும் அண்ணன் பேச்சைத் தட்டவில்லை.

கிளைவ் டேவிஸ் விலகிக்கொண்டார். பன்னிரண்டு பாட்டுக்குத் திட்டம், ஏழோடு நின்றது. 1976-இல் ட்ரையாங்கிள் என்ற சொந்த லேபிளில் ஒரு தட்டுப் போட்டார்கள். ஒரு பக்கம் 'பாலிடிஷியன்ஸ் இன் மை ஐஸ்', மறுபக்கம் 'கீப் ஆன் நாக்கிங்'. மொத்தம் 500 பிரதி. முதல் பாட்டு ஏறத்தாழ ஆறு நிமிடம். வானொலிக்கு மூன்று நிமிடம் போதும் என்றிருந்த காலம் ஐயா அது! அதிலும் பிடிவாதம்.

டேவிட் செய்தது சரியா? கலைஞனாகச் சரி. அண்ணனாக? எனக்குச் சந்தேகம்தான். பிடிவாதம் அவருடையது, பட்டினி மூவருக்கும் அல்லவா! 1977-இல் குழு கலைந்தது. தம்பிகள் வெர்மாண்டில் ரெகே வாசித்தார்கள். டேவிட் 2000-இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அந்த ஏழு பாட்டும் ஒரே ஆல்பமாக வெளிவந்தது 2009-இல், டிராக் சிட்டி நிறுவனத்தின் வழியாக. அதே 'டெத்' என்ற பெயரில்!

இன்று அந்த 500-இல் ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். ஆனால் வாங்கி உறை பிரிக்காமல் பீரோவில் பூட்டிவைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒருமுறையாவது முள்ளை வைத்துக் கேளுங்கள். அன்று விற்காத தட்டுதான் அது, ஆனாலும் கேட்கத்தான் போட்டார்கள்.